வழக்குக் கட்டின் பின்பக்கம்

முதல் வாய்தாவுக்கு வந்தபோது
மாட்டுத்தாவணியில் இரண்டு வாழைப்பழம்,
ஒரு பன்.
பன்னுக்குள் எறும்பு.
மேலூர் ரோட்டில், கோர்ட்டு வாசலில்
வக்கீலம்மா கேட்டார்: சாப்பிட்டாச்சா?
தலையாட்டினேன்.
நான் சொன்ன முதல் பொய்சாட்சி அதுதான்.

வழக்கு, ஒன்றரை சென்ட்.
மார்த்தாண்டத்தில் எங்கள் கிணற்றடிக்கும்
வறுவேலின் மாட்டுத்தொழுவத்துக்கும் நடுவே
சுவர் எங்கே நிற்கவேண்டும் என்பது.
சுவர் நிற்கிற இடத்தில் நிற்கிறது.
நாங்கள்தான் ஆறு வருடமாக
ராத்திரி பஸ் ஏறுகிறோம்.
நீங்கள் வரவேண்டியதில்லை என்றுதான்
வக்கீலம்மா சொல்வார்.
வருவேன்.

இரண்டாம் தடவை ஆட்டோக்காரரிடம் கேட்டேன்,
நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும்?
கண்ணாடிக் கதவு வைத்த ஏசி ஓட்டலில் இறக்கிவிட்டார்.
பில்லைப் பார்த்ததும் புரையேறியது.
மூன்றாம் தடவை கேள்வியை மாற்றினேன்:
அண்ணே, நீங்க எங்க சாப்பிடுவீங்க?
ஓடுகிற வண்டியை அப்படியே திருப்பினார்.
"அங்கிட்டு வேணாம்க்கா. இங்கிட்டுப் போவோம்."

சிம்மக்கல்லில் ஒரு சந்து. இரும்பு மாடிப்படி.
பெயர்ப்பலகையில் பாதி எழுத்து இல்லை.
கல்லில் மாவு, மேலே முட்டை,
அதற்கும் மேலே கொத்துக்கறி,
கரண்டியின் முதுகால் ஒரே அழுத்து.
திருப்பிப் போடும்போது மாஸ்டர் மூச்சை நிறுத்துவார்.
நானும்.

மனுவின் நகல் முடிகிற வெற்றுத்தாளில்
அன்றைக்குத்தான் எழுதத் தொடங்கினேன்:
சிம்மக்கல் மாடி, பன்னிரண்டரைக்கு மேல்.
விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா, கூட்டமில்லாத கடை,
கேட்டால் கடல்பாசி கூடப் போடுவார்கள்,
என் கடைவாய்ப் பல்லுக்கு ஆகாது, ஆனாலும்.
தெற்குமாசி முக்கில் தள்ளுவண்டி இட்லி,
நாலு சட்னி, மல்லிச் சட்னி முதலில் தீரும்.
கோலா உருண்டை ஞாயிறு மட்டும்.
(வாய்தா ஞாயிற்றுக்கிழமை வராது.)

ஒருநாள் சர்வே நம்பரைத் தேடி
வக்கீலம்மா கட்டைப் புரட்ட,
தாள் தப்பித் திரும்பியது.
நின்றபடி படித்தார்.
"இந்த இட்லி வண்டி எனக்கே தெரியாதே."
செல்லூரில் பிறந்து வளர்ந்தவர்.
அன்றைக்கும் வாய்தாதான்.

பதினொன்றாம் வாய்தா. வெயில்.
மாடியில் ஒரே நாற்காலி காலி,
எதிரில் வறுவேல்.
வேலிக்கு அந்தப்புறம் நின்று காறித் துப்புகிறவர்
முதல்நாள் பள்ளிக்கூடத்துப் பையனைப்போல
கையைத் தொடைக்கடியில் வைத்திருந்தார்.
முன்னால் வெறும் தோசை.
என்ன கேட்பதென்று தெரியவில்லை, பாவம்.

திரும்பிப் போயிருக்கலாம்.
ஆனால் பசி. தவிர,
இந்த இடம் நான் கண்டுபிடித்தது.
இதற்காவது பட்டா என் பெயரில்தான்.

உட்கார்ந்தேன். மாஸ்டரிடம் விரலைக் காட்டினேன்: இரண்டு.
தட்டு வந்தது.
அவர் என்னைப் பார்க்கவில்லை, தோசையைப் பார்த்தார்.
பிய்த்தார். மென்றார். நிறுத்தினார்.
தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.
"மிளகு கொள்ளாம்."

காசு கொடுக்கிற இடத்தில் தகராறு.
அவர் கொடுக்க நான் விடவில்லை,
நான் கொடுக்க அவர் விடவில்லை.
தனித்தனியாகக் கட்டினோம்.
கல்லாக்காரர் சில்லறைக்கு அலைந்தார்.

கை கழுவும்போது, என்னிடம் இல்லை,
எதிரே இருந்த சுவரிடம் சொன்னார்:
"கீழவாசல்ல பருத்திப்பால் ஒருத்தன் கொண்டுவருவான்.
சாயங்காலம் அஞ்சு மணி.
சாயா எல்லாம் அதுக்குப் பிறகுதான்."

என் தாளில் அது இல்லை.
ஆறு வருடத்தில் ஒருவரும் சொல்லவில்லை.

அஞ்சு மணிக்குப் போனேன். தனியாகத்தான்.
சைக்கிளில் கட்டிய பித்தளை அண்டா,
கருப்பட்டி நிறம், சுக்கு வாசம்.
இரண்டாவது டம்ளரில்
பஸ் முதுகுவலி ஒரு அங்குலம் கீழே இறங்கியது.

எழுதிக்கொண்டேன்.
யார் சொன்னதென்று எழுதவில்லை.
சுவர் விஷயத்தில் நான் இறங்கிவருவதாக இல்லை.

அடுத்த வாய்தா இருபத்துமூன்று, வியாழன்.
பருத்திப்பால்காரர் வியாழக்கிழமை வருவாரா என்று
இப்போது
யாரிடம் போய்க் கேட்பது?